புதுக் காரைப் பழசாக்கச் சிக்கன வழிகள்

கார் வாங்கிவிட்டீர்கள். ஏழு வருடத் தவணை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஷோரூம்காரர்கள் கையில் கொடுத்த ஆளுயர அட்டைச் சாவியோடு குடும்பப் படம் எல்லாம் ஆயிற்று. இனி அதைக் கழுவ வேண்டும். முதல்முறை கார் வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எதை வாங்குவது, எத்தனை ரூபாய்க்கு வாங்குவது, வீட்டில் கிடப்பதை வைத்தே சமாளித்துவிடலாமா என்று குழம்புகிறார்கள். குழப்பமே வேண்டாம். வீட்டில் கிடப்பதே போதும். ஓர் ஆண்டு வண்டியைப் பத்தாண்டு வண்டியாகக் காட்டுவதற்குக் கடையில் வாங்கியே தீர வேண்டிய பொருள் என்று அநேகமாக எதுவும் இல்லை.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள். காரின் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமே இல்லாத ஒரு படலம் பூசியிருப்பார்கள். நீங்கள் மயங்கிய பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் தடிமன் பொதுவாக 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். ஆக, ஒரு முடியளவுகூட இல்லாத எதிரி. உங்கள் பக்கத்துப் படையோ பெரிது. ரோட்டுப் புழுதியில் கலந்திருக்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடின அளவுகோலில் அதற்கு 7. கண்ணாடியையே கீறிவிடும், கிளியர் கோட் எம்மாத்திரம்! மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சென்னைச் சாலை எதிலாவது ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், வேண்டிய அளவு மணல் இலவசமாக வந்து சேரும். அந்த மணலை வண்டியை விட்டு இறங்க விடாமல், மேலேயே வைத்துத் தேய்க்க வேண்டும். தொழில் ரகசியம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு ஒத்தாசை.

துணியில் தொடங்குவோம். திருப்பூரில் வெட்டுத் துண்டுகளாக விழுவதைக் கிலோக் கணக்கில் ‘பனியன் வேஸ்ட்’ என்று விற்பார்கள். மெக்கானிக் கடையில் கையில் அப்பிய கிரீஸைத் துடைக்க அதற்கு நிகரான பொருள் கிடையாது. அதையே பானெட்டின் மேலும் ஓட்டலாம் என்று முதலில் யோசித்தவர் யாரோ, நம் துறையின் முன்னோடி. தட்டையான பருத்தித் துணிக்கு மணலை உள்ளே வாங்கிக்கொள்ளத் தெரியாது. துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் விளிம்பு இருந்தால் கூடுதல் பலன். ஜரிகைக் கரை போட்ட பழைய வேட்டி அகப்பட்டால் விடாதீர்கள்.

யாராவது மனசைக் கலைத்து மைக்ரோஃபைபர் வாங்க வைத்துவிட்டார்களா? பரவாயில்லை, வழி இருக்கிறது. அது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த துணி. 80க்கு 20, அல்லது 70க்கு 30. இழையை நுணுக்கமாகப் பிளந்து நெய்திருப்பதால் தூசியைத் தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அட்டையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. துடைப்பதற்கு 300, 400 போதும். ஈரத்தை ஒற்றி எடுக்கும் துண்டுக்கு 600க்கு மேல் இருந்தால் நல்லது. இப்படிப்பட்ட துணியை வீழ்த்த, அதை வீட்டுத் துருக்கி டவல்களோடு சேர்த்து மெஷினில் போடுங்கள். டவலின் தும்பெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். கடைசித் தண்ணீரில் வாசனைக்காகத் துணி மென்மையாக்கி ஒரு மூடி ஊற்றுங்கள். இழைமேல் அது படிந்துவிட்டால் பிறகு அந்தத் துணி தண்ணீரைக் குடிக்காது. ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகும். முக்கியமாக, துடைக்கும்போது துணி கை நழுவித் தரையில் விழும் தருணத்துக்குக் காத்திருங்கள். அனுபவமில்லாதவர்கள் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு துணி எடுப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எடுத்து, தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

தேய்ப்பது வட்ட வட்டமாக இருக்கட்டும். நேர்க்கோட்டில் தேய்த்தால் கீறல் ஒரு கோணத்தில் மட்டும்தான் கண்ணில் படும். வட்டமாகத் தேய்த்தால், வெயில் விழுகிற இடமெல்லாம் சிலந்தி வலை பின்னியது போல் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். கறுப்பு வண்டி வாங்கியவர்களுக்கு இந்தப் பாக்கியம் முதல் மாதத்திலேயே கிட்டும். வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வண்டியின் நிறத்தைச் சொல்கிறேன்.

இந்த உழைப்புக்கெல்லாம் நேரமில்லாதவர்களுக்கு அடுக்ககங்களில் ஒரு ஏற்பாடு உண்டு. காலை ஆறு மணிக்கு மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்க ஒருவர் வருவார். கையில் ஒரு வாளி, ஒரு துணி. முதல் வண்டிக்கு அது தண்ணீர், ஐந்தாவது வண்டிக்கு ரசம், பத்தாவது வண்டிக்குக் குழம்பு.

“அண்ணே, தண்ணிய மாத்திட்டு நம்ம வண்டிக்கு வரலாமே?”

“இப்பத்தான சார் மாத்துனேன், சி பிளாக் டாக்டர் வண்டி முடிச்சுட்டு.”

சி பிளாக்குக்கும் உங்களுக்கும் நடுவில் எட்டு வண்டி இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனை வண்டிக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்தது அசோசியேஷன். ஒரு வண்டிக்கு இவ்வளவுதான் சம்பளம் என்று பேரம் பேசியது நாம். அவர் கொடுத்த காசுக்குச் சரியாக வேலை பார்க்கிறார். தண்ணீரே இல்லாத நாட்களில் உலர்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்த உலர் துடைப்பு, முன்னே சொன்ன எல்லா உத்திகளையும் விடச் சிறந்தது.

அடுத்து சோப்பு. பாத்திரம் தேய்க்கும் கட்டிச் சோப்பில் அடிப்பிடித்த பாலைச் சுரண்டுவதற்கென்றே தாதுப் பொடி கலந்திருக்கும். கூடவே தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. நாசூக்கு பார்ப்பவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பிசுக்கை விரட்டுகிற அதே சாமர்த்தியத்தால், வண்டிமேல் பூசிய மெழுகையும் அது துடைத்து வழித்து அனுப்பிவிடும். துணி துவைக்கும் தூள் நல்ல காரம். கரையாத தூள் ஒன்றிரண்டு துணியில் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவர் கைக்கும் எட்டச் செய்தார். அப்போது அவர் மனசில் பானெட் இருந்திருக்காது. பாத்திரச் சோப்போடு ஒப்பிட்டால் தலை ஷாம்புவால் வரும் கெடுதல் குறைவு. ஆகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கார் ஷாம்பு என்று தனியாக விற்பதை என்ன செய்வது? அது அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுநிலையாக இருக்கும், மெழுகைத் தொடாது. அதைவிட மோசம், வழுக்கும். மணல் துகள் பெயின்ட்டை உராயாமல் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும் என்பதால் ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். வீட்டில் அப்படி ஒன்று இருந்தே தீர வேண்டுமென்றால், நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம் மரபுப்படி பாதி பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள்.

வாளி ஒன்றே ஒன்று போதும். சுவருக்கு அடித்து மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் வாளி எல்லா வீட்டு மாடிப்படிக்குக் கீழும் இருக்கும். டயரைக் கழுவிய துணியை அதில் முக்கி, அதே துணியால் கூரையைத் துடையுங்கள். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிப் புழுதியை இறக்கிவிடாதீர்கள். அது நம் மூலதனம்.

நேரம், மதியம் பன்னிரண்டு மணி. இடம், நிழலே படாத திறந்தவெளி. தண்ணீர், போர்வெல். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான். கொதிக்கிற தகரத்தில் அந்தத் தண்ணீர் ஒரு நிமிடத்தில் ஆவியாகி, சொட்டு விழுந்த இடமெல்லாம் ஒரு வட்டம் விட்டுப் போகும். அன்றைக்கே வினிகரில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் போய்விடும். வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் பெயின்ட்டை அரித்து அங்கேயே குடியேறிவிடும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஃபோன் பேசலாமா என்று கேட்பீர்கள். ஊரைப் பொறுத்தது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். 2019 கோடையில் சென்னையில் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

உள்பக்கத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேஷ்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்; பளபளக்கும், மறுநாளே தெருப்புழுதி முழுக்க வந்து ஒட்டிக்கொள்ளும், மூன்றாம் வாரம் சிக்கு வாடை அடிக்கும். இந்த இடத்தில் ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டு பாலிஷோ டயர் பாலிஷோ ஸ்டீயரிங்கில், பெடலில், பிரேக் டிஸ்கில் படக் கூடாது. பெயின்ட் போனால் காசோடு போகும். பிரேக் வழுக்கினால் அப்படியில்லை.

பாலிஷும் மெழுகும் கடையில் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டப்பாவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாலிஷ் என்பது உரசுகிற பொருள். கிளியர் கோட்டில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுத்துச் சமப்படுத்தும். மெழுகு அதன்மேல் ஒரு பூச்சாக உட்காரும். கார்னௌபா என்று எழுதியிருந்தால் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. 80 டிகிரி தாண்டித்தான் உருகும் என்பதால் நம்மூர் வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். எது எதற்கு என்று படித்துப் பார்க்காமல் வாசனை நன்றாக இருப்பதை எடுங்கள். பெரும்பாலும் பாலிஷாக அமையும். வாரா வாரம் போடுங்கள்.

ஆயுத பூஜையன்று பானெட்டில் குழைத்து வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் தீபாவளி வரைக்கும் தொடாதீர்கள். பூஜை பொருள், உடனே துடைத்தால் மாமியாருக்குப் பிடிக்காது. காக்கை எச்சம் விழுந்தாலும் அதே பொறுமை வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. ஈரத்துணியைப் போட்டுச் சிறிது ஊறவைத்து ஒற்றி எடுத்தால் தடமே இருக்காது. எனவே காயட்டும். காய்ந்து ஓடானதும் நகத்தால் சுரண்டுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் பி பிளாக்கில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா இருக்கிறார். பின்பற்றக் கூடாத உதாரணத்துக்கு அவரைச் சொல்லலாம். ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் வேலையை முடித்துவிடுகிறார். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் ஷாம்புவில் முக்குகிறார். மணலெல்லாம் அந்த வாளியின் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. மேலிருந்து கீழே வருகிறார், நேர்க்கோட்டில் இழுக்கிறார், டயருக்கு வேறு துணி. கடைசியில் பெரிய துண்டை விரித்து ஒற்றி எடுக்கிறார். ஒரு ஷாம்பு பாட்டில், நாலு மைக்ரோஃபைபர், நாலு மாதத்துக்கு ஒருமுறை மெழுகு. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் இருக்கும். வண்டிக்கு ஆறு வயது. பார்த்தால் அப்படித் தெரியாது. இவரைப் போன்றவர்கள் பெருகினால் டீடெய்லிங் கடைகளின் கதி என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கடைகளுக்கு நீங்கள் போகும் நாள் வரும். அதற்கு முன் ஆன்லைனில் 400 ரூபாய்க்கு ‘9எச் செராமிக்’ என்று ஒரு ஸ்பிரே வாங்கி அடித்துப் பார்ப்பீர்கள். கண்டிப்பாக வாங்குங்கள். 9எச் என்றதும் வைரத்துக்கு அடுத்தபடி என்று நினைத்துக்கொள்வது வழக்கம். அது மோஸ் அளவுகோல் இல்லை, பென்சில் அளவுகோல். டிராயிங் வகுப்பில் எச்பி, 2பி என்று வாங்கினோமே, அதில் கடினமான முனையில் இருக்கும் பென்சில் 9எச். அந்தப் பென்சிலால் கீறினால் கீறல் விழாது என்பதே அதற்கு அர்த்தம். உங்கள் வண்டியைப் பென்சிலோடு யாரும் துரத்தவில்லை. மணலுக்கு அது தெரியாது.

கடைக்காரர் வண்டியை எல்.இ.டி. விளக்கடியில் நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வாய் திறக்க மாட்டார். நாக்கை மட்டும் உச்சுக் கொட்டுவார். பிறகு கருவியை வைத்து மைக்ரான் கணக்குப் பார்த்து, மெஷின் பாலிஷ் போட்டுக் கீறல் இருக்கும் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி, அதன்மேல் கோட்டிங் பூசி, ஐந்து இலக்கத்தில் ஒரு பில் நீட்டுவார். இன்னும் எத்தனை தடவை இப்படிச் சீவலாம் என்று கேட்டால் பதிலைக் கொஞ்சம் இழுப்பார். சாவியைக் கொடுக்கும்போது ஒரு காகிதமும் கொடுப்பார்: ரெண்டு வாளி வச்சுக்குங்க சார், நியூட்ரல் ஷாம்பு மட்டும், மைக்ரோஃபைபர் துணி, நிழல்ல கழுவுங்க, காய்ஞ்ச துணியால துடைக்காதீங்க.

சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கிளம்புங்கள். முதல் சிக்னலில் கண்ணாடியைத் தட்டுவார்கள். கார் துடைக்கிற மஞ்சள் துணி, மூன்று நூறு ரூபாய். பச்சை விழும் நேரம் பார்த்துப் பேரம் பேசினால் நாலு கொடுப்பார்கள்.