யோகட் கப்பில் ஒரு சொந்தக்காரன்

பேராதனைப் பக்கம் இளம் விஞ்ஞானிகள் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பற்றிக் கருத்தரங்கு வைத்தால், முதல் அரை மணித்தியாலம் மல்டிமீடியாவுக்கே போகும். பிறகு, 1933இல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் இந்தக் கிருமிகளை எழுத்து வாரியாகப் பிரித்த கதையை ஆளுக்கொரு தரம் சொல்வார்கள். 'ஏ' பிரிவுக்காரன் பொல்லாதவன். தொண்டைநோவாக வந்து போவான். சில வாரம் கழித்து நம் எதிர்ப்புச் சக்தியையே ஏவி மூட்டையும் இதய வால்வையும் பதம்பார்ப்பான். பெனிசிலினைக் கண்டால் மட்டும் இன்றுவரை பெட்டிப்பாம்பு. (இவ்வளவு பணிவு முதலாமாண்டு மாணவரிடம்கூட இல்லை.)

கண்டிக் குளிரில் மண்டபமே இருமுகிறது. 'ஏ' பிரிவுக்காரன் தரும் தொண்டைநோவில் பெரும்பாலும் இருமல் இராது என்று ஸ்லைடில் போட்டதும், எல்லோரும் நிம்மதியாக இருமுகிறார்கள்.

பகற்சாப்பாட்டில் ஆளுக்கொரு யோகட். கிருமி ஒழிப்பு பற்றிப் பேசியவர் இரண்டாவதையும் வழிக்கிறார். அதைப் புளிக்கவைத்தவர்களில் ஒருவன் பெயர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ்.