நீங்கள் ஆற்றை பிள்ளை? அரியாலைக் கடலோர விடுதியில் தங்குதல் குறித்த ஓர் ஆய்வு

கிரேக்கத் தீவொன்றின் சிறிய கடலோர விடுதிக்குப் போகிறவர் மூன்றை நாடிப் போகிறார் என்று பயண நூல்கள் கூறும். கடல் தெரியும் சன்னல், அன்றைக்குப் பிடித்துச் சுட்ட மீன், தன்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது என்ற நிம்மதி. அரியாலையில் முதலாவது வற்புறுத்திக் கேட்டால் கிடைக்கும். இரண்டாவது கேளாமலே கிடைக்கும், ஆனால் குழம்பாக. மூன்றாவது எந்த விலைக்கும் கிடைக்காது. அது ஏன் கிடைப்பதில்லை என்பதே இவ்வாய்வின் பொருள்.

களத்தை முதலில் வரையறுப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து கச்சேரியைத் தாண்டிக் கண்டி வீதியால் போனால் மாம்பழம் சந்தி வரும். வீதி அப்படியே நாவற்குழிப் பாலத்துக்குப் போய்விடும். தெற்கே ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் மணியந்தோட்டம், பூம்புகார் என்று ஊர் நீண்டு பரவைக் கடலில் முடியும். இந்த ஒழுங்கைகளில் ஒன்றில்தான் ஆய்வுக்குரிய விடுதி இருக்கிறது. விடுதி என்பது ஆய்வுமுறைக்காக நாம் இட்ட பெயர். உண்மையில் அது லண்டன் ஹரோவில் இருக்கும் ஒருவர் ஓய்வுபெற்ற பின் வந்து இருப்பதற்குக் கட்டிய வீடு. ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, வழுக்கும் தரை, மேலே ஏறி நின்று பார்க்க ஒரு பல்கனி. ஓய்வு வந்தது, கூடவே பேரப்பிள்ளைகளும் வந்தார்கள், வருகை தள்ளிப்போனது. பூட்டி வைத்தால் கறையான் குடியேறும். கறையானுக்குக் கொடுப்பதைவிட ஆளுக்குக் கொடுக்கலாம் என்று படலையில் பலகை தொங்கியது. பராமரிப்பது உரிமையாளரின் ஒன்றுவிட்ட அக்கா. இவரை எல்லா விருந்தினரும் அன்ரி என்றே அழைப்பதால் ஆய்வாளரும் அவ்வாறே அழைக்கிறார்.

விருந்தினர் பெரும்பாலும் கனடாவின் ஸ்காபரோக்காரர். அவருக்கு இதே ஊரில், மூன்று ஒழுங்கை தள்ளி, சொந்த வீடு உண்டு. அதில் வாடகைக்கு ஆட்கள் இருப்பார்கள், அல்லது உறுதி யார் பேரில் என்பதில் சகோதரர் ஐந்து பேருக்கும் ஐந்து கருத்து இருக்கும், அல்லது பிள்ளைகள் ஏசி இல்லாத இடத்தில் நித்திரை கொள்ள மாட்டார்கள். ஆகவே ஸ்காபரோவில் இருப்பவர் ஹரோவில் இருப்பவருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பி, அரியாலையில் அறை எடுக்கிறார். அரியாலையின் பங்கு கட்டில் மட்டுமே.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வழிப்போக்கரைத் தங்கவைப்பதில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், மனிதர் சாய்ந்துகொள்ள மடம். பருத்தித்துறையில் இன்றும் நிற்கும் தெருமூடிமடத்துக்குள் வீதியே நுழைந்து வெளியேறுகிறது. வீதிக்கும் வெயில் படக்கூடாது என்று நினைத்தவர்கள் கட்டியிருக்க வேண்டும். இவ்விடங்களில் திறப்பு கிடையாது, பதிவேடு கிடையாது, பேர் கேட்பாரும் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்து றெஸ்ற் ஹவுஸ் துரைமாருக்கானது. பின்னர் வந்த போர்க் காலத்தில் தங்கியவர்கள் வேறு வகை. நகரத்துச் சுபாஸ் ஹோட்டலை இராணுவம் நெடுங்காலம் தன்னிடம் வைத்திருந்தது. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது. 2019இல் பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் பறந்தது. சிறுவிடுதிகள் இந்த இரண்டையும் நம்பி முளைத்தவை.

இனி மையப் பகுதிக்கு வருவோம். விடுதியில் முறையான பதிவேடு இருக்கிறது. பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வந்த திகதி, போகும் திகதி என்று கோடு போட்டது. அது மேசை இலாச்சிக்குள் இருக்கும். உண்மையான பதிவு விறாந்தையில் நடைபெறும்.

"வாங்கோ தம்பி. எவடம்?"

"கனடா, அன்ரி."

"அது சப்பாத்தைப் பாக்கத் தெரியுது. ஊரில எவடம்?"

"இஞ்சதான். நெடுங்குளத்தடி."

"நெடுங்குளத்தடியில ஆற்றை பிள்ளை?"

தம்பிக்கு வயது ஐம்பத்தெட்டு, தலையில் மயிர் இல்லை. ஆயினும் பிள்ளைதான். தகப்பன் பேர் சொல்லப்படும். அது போதாது, அந்தப் பேரில் ஊரில் மூவர் இருந்தனர். கச்சேரியில் கிளாக்கராக இருந்தவரா, தோட்டம் செய்தவரா, மலாயாவிலிருந்து பென்சன் எடுத்தவரா என்று வடிகட்டல் நடக்கும். கிளாக்கர் என்று தெளிந்ததும் அன்ரி கண்ணை மூடிக்கொள்வார். இது தேடற் பொறி வேலை செய்யும் நேரம். "அவர் கட்டினது எங்கட குஞ்சியம்மாவின்ர மச்சாளையெல்லோ?" என்ற விடை வெளிவரும்போது பயணப்பொதி இன்னும் ஓட்டோவில்தான் இருக்கும்.

விருந்தோம்பலில் பெயர்போன கிரேக்கரின் நடைமுறையை இங்கே ஒப்பிடுவது அவசியம். வந்தாரைக் காக்கும் வேலையை அவர்கள் தங்கள் முதற் கடவுளான ஸியூஸிடமே ஒப்படைத்திருந்தார்கள். ஹோமரின் ஒடிசியில் அந்நியன் வந்தால் முதலில் கை கழுவத் தண்ணீர், பிறகு இறைச்சி, பிறகு மது, வயிறு நிறைந்த பின்னரே "நீங்கள் யார்?" என்ற கேள்வி. மன்னன் அல்கினோஸ், கரை ஒதுங்கிய ஒடிசியஸை உண்ணவைத்து, விளையாட்டுக் காட்டி, பாட்டுக் கேட்கவைத்த பிறகே பேர் கேட்கிறான். ஆனால் அவன் மனைவி அரேற்றி அவ்வளவு பொறுக்கவில்லை. சாப்பாடு முடிந்த கையோடு, நீ யார், எந்த ஊர், இந்த உடுப்பை உனக்குத் தந்தது யார் என்று கேட்கிறாள். ஏனென்றால் அந்த உடுப்பு அவள் வீட்டில் அவள் கையால் நெய்தது. ஒடிசியஸ் நழுவிவிடுகிறான். உலக இலக்கியத்தில் அரியாலை அன்ரிக்குக் கிடைக்கும் மிகப் பழைய முன்னோடி இவள்தான் என்பது என் துணிபு. வேறுபாடு ஒன்றே: அன்ரியிடம் யாரும் நழுவியதாகப் பதிவில்லை. ஒருவர் தன்னை வவுனியா என்று சொல்லிப் பார்த்தார். மூக்கு காட்டிக்கொடுத்தது.

உறவு உறுதியானதும் விடுதிப் பொருளாதாரம் சிக்கலுக்குள் விழுகிறது. உறவின் நெருக்கம் கூடக் கட்டணம் குறையும் என்பது விதி. தூரத்துச் சொந்தமானால் அறைக்கு எடுப்பார், சாப்பாட்டுக்கு எடுக்க மாட்டார். கிட்டத்துச் சொந்தமானால் கரண்ட் காசு மட்டும். அதைவிடக் கிட்ட வந்தால் கட்டணம் மறைந்து குற்றச்சாட்டு தோன்றும்: "மாமி கோயிலடியில இருக்கேக்க இஞ்ச வந்து றூம் எடுத்தனீங்களோ?" விருந்தினர் மாமிக்குத் தெரியாமல் வந்திருப்பார். அன்று இரவே மாமிக்குத் தெரியும். விடியப் புட்டும் மீன்குழம்பும் மாமி வீட்டிலிருந்து படலைக்கு வரும். உள்ளே அன்ரி அவித்த இடியப்பமும் சொதியும் ஏற்கெனவே ஆறிக்கொண்டிருக்கும். யாருடையதை முதலில் உண்பது என்ற பிரச்சினையை எந்தச் சுற்றுலாக் கையேடும் இதுவரை தொடவில்லை.

கடல் தெரியும் அறை பற்றியும் கூற வேண்டும். கிரேக்கத் தீவில் அதற்குத் தனி விலை. அரியாலை வீடோ வீதியைப் பார்த்துக் கட்டப்பட்டது. முன்னால் படலை, பின்னால் குசினி, அதற்கும் பின்னால் கிணறு, தென்னை, வேலி. வேலிக்கு அப்பால் கேட்பாரற்றுக் கடல். கடற்பக்க அறையில் தேங்காயும் பழைய சைக்கிளும் இருக்கும். கனடாப் பிள்ளை அதையே கேட்டால் அன்ரி உண்மையான கவலையோடு தடுப்பார்: "அங்கால ஒண்டும் தெரியாது தம்பி, கடல்தான்." வீதிப்பக்க அறையில் இருந்தால் யார் போகிறார், யார் வருகிறார், யார் வீட்டில் ஐயர் இறங்குகிறார் என்றெல்லாம் தெரியும். பார்க்கத் தகுந்த பொருள் எது என்பதில் ஈஜியன் கடலுக்கும் யாழ்ப்பாணக் கடலேரிக்கும் உள்ள கருத்து முரண்பாடு இது. நான் அன்ரி பக்கம் சாய்கிறேன்.

கடலும் ஒத்துழைப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் ஆளை மூடாத ஆழம். தூரத்தில் சிறகுவலையடியில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அவர் நீந்துகிறார் என்று படம் எடுப்பார்கள். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் மணலும் உப்பும் சேற்று மணமும் சன்னலால் வரும். அந்த மாதங்களில்தான் நல்லூர்த் திருவிழா, 25 நாள், எல்லா அறையும் நிரம்பும். போகும் விருந்தை அனுப்பிவிட்டு வரும் விருந்தைப் பார்த்திருப்பவனுக்கு வானவர் வரவேற்புக் கிடைக்கும் என்கிறது குறள். பதினொரு மணிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிவிட்டுப் பன்னிரண்டுக்குள் பெட்சீற் மாற்றும் அன்ரிக்கு அந்த இடம் எப்போதோ ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

குளிப்பு வேறு துறை. கடலில் குளிக்க விரும்புவோர் காரைநகர்க் கசூரினாவுக்கோ வேலணைச் சாட்டிக்கோ போவர். அரியாலையில் கடலுக்குள் இறங்குவது குளிப்பாகாது, குளிக்க வேண்டிய காரணமாகும். திரும்பி வந்து கிணற்றடியில் வார்க்க வேண்டும். அங்கே ஒரு நிலவியல் உண்மை வெளிப்படும். குடாநாடு சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதனுள் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கரையை நெருங்க நெருங்கப் படலம் மெலியும், தண்ணீர் சவர்க்கும். எனவே ஒரு விடுதி உண்மையிலேயே கடலோரமா என்று அறிய விளம்பரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சவர்க்காரம் நுரைத்தால் ஏமாற்றிவிட்டார்கள்.

கட்டணத்துக்குத் திரும்புவோம். அன்ரிக்குக் காசு கேட்க வாய் வராததை இரத்த உறவால் மட்டும் விளக்க முடியாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழையில், வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து இலட்சக்கணக்கில் இதே கண்டி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. பாலத்துக்கு இப்பாலுள்ள செம்மணி வெளியைப் பற்றி எழுத இந்தக் கட்டுரையின் தொனிக்கு உரிமை இல்லை, விட்டுவிடுகிறேன். பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில், பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் முன்பின் தெரியாதவர் வீட்டு விறாந்தைகளிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள். விறாந்தைக்கு வாடகைச் சிட்டை எழுதாத வீடுகள் எத்தனையோ. அந்த இரவில் மட்டும் ஒடிசியின் ஒழுங்கு குடாநாட்டில் நடந்தது: முதலில் தேத்தண்ணி, விடிந்த பிறகு "நீங்கள் ஆற்றை பிள்ளை?" அப்படி ஒரு விறாந்தையில் படுத்தெழும்பியவர், ஒரு கட்டிலுக்கு இத்தனை ரூபா என்று இன்னொருவருக்குச் சொல்லும்போது குரல் கம்முவது இயல்பு.

இந்தக் கேள்விக்கு விதிவிலக்குகளும் உள. நயினாதீவுக்குப் போகும் தென்னிலங்கை யாத்திரிகர் முழுக் கட்டணமும் கட்டி, முழு நித்திரையும் கொண்டு போவர். மொழி அவர்களைக் காப்பாற்றுகிறது. முதுகுப்பை வெள்ளைக்காரருக்கும் அதே சலுகை, ஆனால் அரைகுறையாக. கலியாணம் முடிந்ததா, பிள்ளைகள் எத்தனை, ஏன் இன்னும் இல்லை என்ற மூன்றையும் கேட்கும் அளவுக்கு அன்ரியிடம் ஆங்கிலம் உண்டு.

கணக்குத் தீர்ப்பு எப்படி நடக்கிறது என்பதோடு நிறுத்தலாம். போகும் நாளில் விருந்தினர் காசை உறையில் வைத்து நீட்டுவார். அன்ரி கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். உறை மேசைக்குப் போகும், மேசையிலிருந்து பயணப்பொதிக்குள் திரும்பும், பிள்ளையின் சட்டைப் பையில் கண்டெடுக்கப்படும். முடிவில் "லண்டனில தம்பியோட கதையுங்கோ" என்று மேன்முறையீடு செய்யப்படும். ஹரோக்காரர் தொலைபேசியில் சிரித்து, "எங்களுக்குள்ள என்ன காசு, லண்டனுக்கு வந்தால் எங்களோட நில்லுங்கோ" என்பார். ஸ்காபரோக்காரர் அடுத்த கோடையில் உண்மையிலேயே ஹரோவில் போய் நிற்பார். அங்கே அறை இலவசம். அன்ரி நண்டை எப்படி வைத்தவ, கிணத்தில தண்ணி எவ்வளவு நிக்குது, பின்வேலியை ஆரும் அரக்கிப் போட்டாங்களோ என்று வீட்டுக்காரர் கேட்கக் கேட்க, இரவு ஒரு மணிவரை ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும்.