எடை பார்க்கும் மாஸ்டர்

தில்லியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனைச் சாகச ஆட்டம் ஆடும் மேசைகளில் ஆட்டத்தை நடத்துபவர் மாஸ்டர். அவர்களில் எடை பார்க்கும் மாஸ்டர் தனி ரகம். நெருப்புக் கக்கும் டிராகன் பறந்து வந்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் கொன்றவன் பத்தாயிரம் பொற்காசை மடியில் கட்டிக்கொண்டு நடந்தால்தான் ஆட்டத்தை நிறுத்துவார்.

அவருடைய பள்ளிக்கூடம் ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடம். மற்றவர்கள் வாள்பிடியில் பதித்த கல்லைப் பார்க்கும்போது, இவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மணிக்கட்டைச் சுழற்றி எடையை ஊகிப்பார். சினிமா நாயகன் முக்கித் தூக்கும் வாள் அவருக்கு ஆகாது. அசல் போர்வாள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். விதிப்புத்தகம் நீள்வாளுக்கு 3 பவுண்டு போட்டிருப்பதில் அவருக்குப் பரம திருப்தி. முழுக் கவசத்துக்கு 65 பவுண்டு, அதாவது 29 கிலோ போட்டதைத்தான் மன்னிக்க மாட்டார். அசல் கவசம் 15 முதல் 25 கிலோ.

காசு விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே. 1978 விதிப்புத்தகத்தில் பவுண்டுக்கு 10 காசு. ஒரு காசு 45 கிராம், பூட்டு கனம். பிற்பாடு பவுண்டுக்கு 50 என்று ஆக்கி 9 கிராமுக்கு இறக்கினார்கள். முகலாயரின் பொற்காசான மொகர் கிட்டத்தட்ட 11 கிராம் என்பதால் இது ஒப்புக்கொள்ளக்கூடிய கணக்கு. பத்தாயிரம் மொகர் 110 கிலோ வரும். உருக்கினால் ஆறு லிட்டர்கூட இல்லை.

"குக்கர்லயே அடங்கிடுமே அண்ணா!"

"அடங்கும்டா. அந்தக் குக்கரைத் தூக்கு, பார்ப்போம்."

வேறு வழியில்லாமல் ஆட்டக்காரர்கள் மாயப்பை கேட்பார்கள். தில்லிக்கு அது புதிதல்ல. அக்பர் ஓவியமாகத் தீட்டச் செய்த ஹம்சா கதையின் தந்திரக்காரன் அம்ரு அய்யார். அவனுடைய ஜம்பீல் பையில் ஊர்களே அடங்கும். 1928இல் மறைந்த மீர் பாகர் அலி வரை தில்லியின் தாஸ்தான்கோக்கள் என்ற கதைசொல்லிகள் சொல்லிவந்த கதை இது. ஆட்டத்தின் பைக்கோ கொள்ளளவு 64 கன அடி, தாங்கும் எடை 500 பவுண்டு. 2014 விதிப்புத்தகத்தில், என்ன போட்டாலும் பையின் எடை 15 பவுண்டுதான். மாயத்துக்கும் எடை எழுதிய அந்த வரியில் மாஸ்டர் உருகிப்போவார்.

விதிப்புத்தகத்தில் கோவேறு கழுதையின் விலை 8 பொற்காசு. அது 190 கிலோ தூக்கும். அவர் மேசைக்கு ஆடப் போகிறவர்கள் வாளுக்கு முன் அதை வாங்கிவிடுவது உத்தமம்.