நூலகர் நாற்காலி

கேள்வி: ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். மேலே படித்துப் பதவி உயர்வுக்குக் காத்திருக்கலாமா, வேறு வேலைக்குத் தாவிவிடலாமா?
- வாசகர், பேகம்பூர், திண்டுக்கல்

பதில்: தாவுவதில் உங்களுக்கு முன்னோடி சீர்காழி ரங்கநாதன். மாநிலக் கல்லூரிக் கணக்கு வாத்தியார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளரவமில்லாத அறையில் சில நாள் உட்கார்ந்ததுமே, கரும்பலகையே மேல் என்று பழைய கல்லூரிக்கு ஓடினார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டியதைப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. அப்படித் துண்டுகளைக் கோத்து நூல்களை வகைப்படுத்தும் அவரது கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வந்தது. ஓடப் பார்த்தவர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதே நாற்காலியில்!

உங்களுக்கு லண்டன் வேண்டாம், பி.லிப்., எம்.லிப். இரண்டையும் தொலைநிலையிலேயே முடிக்கலாம். எம்.லிப்.புடன் ‘நெட்’ தேறினால் கல்லூரி நூலகர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளிலும் ஒரு கண் இருக்கட்டும். மூன்றாம் நிலை நூலகர், இரண்டாம் நிலை நூலகர் என்று படியேறுவதற்குள் தலை நரைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

தாவியே தீருவேன் என்றால், ஒரே நாளிதழை நாலு பெரியவர்கள் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு முறைத்துக்கொள்ளும்போது தினமும் பஞ்சாயத்து செய்கிறீர்களே, அந்த அனுபவத்துக்கு அரசியலில் நல்ல கிராக்கி.