புல்லு வெட்டத் தெரியுமா தம்பி?

வா தம்பி, உக்காரு. டோக்கியோ வேலையை விட்டுட்டு எஹிமே மலையில மண்ணோட மண்ணா வாழப்போறேன்னு வந்திருக்கே, சந்தோஷம். நீ ஊருக்குள்ள நுழையும்போதே கக்கத்துல இருந்த புத்தகத்தைப் பார்த்துட்டேன். நம்ம ஈயோ ஊர்க்காரர் ஃபுகுவோகா மசனோபு எழுதின ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’தானே? 1975-ல அது வெளிவந்ததிலிருந்து உன்னை மாதிரி ஆளுங்க இந்தப் பக்கம் வந்துக்கிட்டேதான் இருக்காங்க. உழவேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம்னு அவர் சொன்னது எல்லாருக்கும் மனப்பாடம். அப்பாவோட மிகான் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்துப் பண்ணாம விட்டு, கிளையோட கிளை பின்னி, பூச்சி விழுந்து மரமெல்லாம் பட்டுப்போச்சுன்னு அவரே எழுதியிருக்காரே, அந்தப் பக்கம் மட்டும் எவன் கையில இருக்கிற புத்தகத்துலயும் இருக்கிறதில்லை. உன்னுதுல இருக்கா?

சும்மா இருக்கிற விவசாயம் எங்களுக்குப் புதுசில்லை தம்பி. அந்தப் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே, 1970 வாக்குல, நெல்லு நடாம இருந்தா காசு தர்றேன்னு அரசாங்கம் ஆரம்பிச்சிடுச்சு. நாட்டுல அரிசி மிஞ்சிப்போச்சாம். 2018 வரைக்கும் அந்தக் கூத்து நடந்துச்சு. மிகான் கதை இன்னும் விசேஷம். மலை உச்சி வரைக்கும் நடுன்னாங்க, நட்டோம். 1972-ல காய் கொட்டோ கொட்டுன்னு கொட்டி, விலை படுத்துருச்சு. அப்புறம் வெட்டு, வெட்டினா காசுன்னாங்க. நட்ட கையாலேயே வெட்டினோம். மிச்சம் மீதிக்கு 1991-ல வெளிநாட்டு ஆரஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட்டாங்க. அதனால, மண்ணு ஏமாத்தாதுன்னு உன் புத்தகத்துல போட்டிருந்தா நம்பு. திட்டம்னு எவனாவது காகிதத்தோட வந்தா, மோர் கொடுக்காம அனுப்பு. மோர் இங்கே கிடையாதுதான், டீயும் கொடுக்காதே.

வீட்டுக்குப் பஞ்சமில்லை. 2023 கணக்குல நாடு முழுக்க 90 லட்சம் வீடு ஆளில்லாம கிடக்குதாம். நிலமும் இப்போ சுலபம். முன்னெல்லாம் ஒண்ணேகால் ஏக்கராவது எடுத்தாத்தான் உன்னை விவசாயின்னு ஒத்துக்குவாங்க. 2023 ஏப்ரல்ல அந்தச் சட்டத்தைத் தூக்கிட்டாங்க. உள்ளூர் விவசாயக் குழு சரின்னு சொன்னாப் போதும். குழுவுல யாரு இருக்காங்கன்னு கேக்குறியா? இந்தா, இந்தக் கோப்பையில இன்னும் கொஞ்சம் டீ ஊத்து, சொல்றேன்.

உனக்கு வயசு என்ன, 38-ஆ? குழந்தைப்பா நீ. முழுநேர விவசாயியோட சராசரி வயசே 2020-ல 67.8. எங்க ஊரு இளைஞர் குழுத் தலைவருக்கு மூட்டு ஆபரேஷன் இப்பத்தான் முடிஞ்சுது.

சரி, புல்லு வெட்டத் தெரியுமா?

சிரிக்காதே. நெல்லு நடறதுக்கு மெஷின் இருக்கு, அறுக்கிறதுக்கு மெஷின் இருக்கு. இந்த அடுக்கு வயலுல வரப்புச் சரிவு இருக்கே, அது சில இடத்துல வயலைவிடப் பெருசு. அதுல பிரஷ்கட்டரைத் தோள்ல மாட்டிக்கிட்டு, ஒரு கால் மேலே ஒரு கால் கீழேன்னு நின்னுதான் வெட்டணும். மே மாசம் தொடங்கினா அறுவடை வரைக்கும் மூணு தடவை, நாலு தடவை. பிளேடு கல்லுல பட்டுதுன்னா, அந்தக் கல்லு பக்கத்து வீட்டு ஜன்னலைத் தேடிப் போகும்.

இயற்கையா இருக்கட்டுமேன்னு விட்டேன்னு வை, உன் புல்லுல கதிர்நாவாய்ப்பூச்சி குடும்பம் நடத்தும். கதிர் வந்ததும் என் வயலுக்குத்தான் விருந்துக்கு வரும். பால் பிடிக்கிற மணியில மூக்கைக் குத்தி உறிஞ்சும். அந்த இடம் கறுப்புப் புள்ளியா நின்னுடும். ஆயிரம் மணிக்கு அப்படி ஒண்ணு இருந்தா முதல் தரம். ரெண்டு இருந்தா ரெண்டாம் தரம். விலையில வெட்டு. அதனால வரப்பு உன்னுதா இருந்தாலும், புல்லு ஊருக்குச் சொந்தம். இன்னொண்ணு கேட்டுக்கோ: கதிர் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வெட்டி முடிச்சிடணும். கதிர் வந்த நேரம் பார்த்து ரோஷத்தோட வெட்டினேன்னா, இருக்கிற பூச்சியை எல்லாம் நீயே வயலுக்குள்ள ஓட்டிவிட்ட மாதிரி. போன வருஷம் வந்த ஒரு தம்பி அதைத்தான் பண்ணினான். யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. வீடு வீடா கைமாறிப் போற சுற்றறிக்கைப் பலகை மட்டும் அவன் வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பிச்சிடுச்சு.

காட்டுப்பன்னிக்குப் பயப்படாதே. மிகான் பழுத்து இனிப்பு ஏறின அன்னைக்கு ராத்திரி அது சரியா வந்துடும். உன்னைவிட அதுக்கு நாள் கணக்கு தெரியும். கரண்டு வேலி போட்டுக்கோ. கம்பியில புல்லு பட்டா கரண்டு மண்ணுக்குள்ள இறங்கிப்போயிடும், அப்புறம் பன்னி கும்பிட்டுட்டு உள்ளே வரும். பாரு, பன்னிக்குப் போனாலும் பேச்சு புல்லுக்குத்தான் திரும்புது. தோப்புல பழப்பெட்டி ஏத்த ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு மோனோரயில் ஓடும். ஆள் ஏறக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். எங்க வயசுல எழுத்து சரியாத் தெரியறதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். காலையில கதவைத் திறந்தா வாசல்ல முள்ளங்கி இருக்கும், யாரு வச்சாங்கன்னு தெரியாது. தெரியாதுன்னு சும்மா இருந்துடாதே, கண்டுபிடிச்சுப் பதிலுக்கு ஏதாவது வை. முள்ளங்கிக்கு முள்ளங்கி மட்டும் வைக்காதே. 2025-ல அஞ்சு கிலோ அரிசி நாலாயிரம் யென்னைத் தாண்டி ஊரே அலறினபோது, நான் அரிசி காசு கொடுத்து வாங்கினதே இல்லை, ஆதரவாளருங்க கொடுக்கிறதே வீட்டுல விக்கிற அளவுக்குக் கிடக்குன்னு எத்தோ தாகுன்னு விவசாய மந்திரி மேடையில சொல்லி, அந்த வருஷம் மே மாசமே பதவியை விட்டுட்டுப் போனாரே, ஞாபகம் இருக்கா? நகரத்துல அவரைத் திட்டித் தீர்த்தாங்க. இங்கே எங்க ஆளுங்களுக்கு எதுக்குத் திட்டுறாங்கன்னே முதல்ல புரியலை. நாங்க எவன் காசு கொடுத்து வாங்கினோம்? ஆனா மந்திரின்னா அதை வாயைத் திறந்து சொல்லலாமா?

ஞாயித்துக்கிழமை வாய்க்கால் தூர் வாருறோம். பலகையில எட்டு மணின்னு போட்டிருக்கும். எட்டு மணிக்கு வந்துடாதே. பாதி வேலை முடிஞ்சிருக்கும், எல்லாரும் நிமிர்ந்து நின்னு உனக்கு ரொம்ப மரியாதையா வணக்கம் சொல்லுவாங்க. அந்த மரியாதை தீர பத்து வருஷம் ஆகும். ஏழரைக்கு முன்னாடி வா. மண்வெட்டி வாங்கிக் காசைக் கரியாக்காதே, என் கொட்டகையில மூணு கிடக்கு. பையன் ஒசாகா போனதிலிருந்து எவனும் தொடலை. பிரஷ்கட்டரும் இருக்கு, எடுத்துக்கோ. உன் வரப்புக்குப் போற வழியிலதான் என் வரப்பும் இருக்கு, கையோட அதையும் ஒரு இழுப்பு இழுத்துடு. ஆயில் கலந்து வச்சிருக்கேன். பெட்ரோல் செலவு உன்னுது.