மூடிய சிப்பியும் பழைய டிஸ்க்கும்

கேள்வி: செகண்ட்ஹேண்டு கடையில் ஹார்டு டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மகனின் கம்ப்யூட்டருக்கு நம்பி வாங்கலாமா?
– வாசகி, முத்தையாபுரம், தூத்துக்குடி

பதில்: 1961 வரை உங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது, சிப்பியைத் திறக்காமலேயே ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது எடுத்தவர் பாடு. பழைய டிஸ்க்கும் அப்படித்தான். ஆனால் எந்தச் சிப்பியும் வீடு புகுந்து பாங்க் பாஸ்வேர்டைத் திருடியதில்லை; டிஸ்க்கோடு வரும் வைரஸ் திருடும்!

வைரஸ் மட்டுமல்ல, முன்பு வைத்திருந்தவரின் தகவல்களும் டிஸ்க்கில் தங்கியிருக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் அவற்றில் கிடைத்தன. ‘டெலீட்’ அழுத்தினால் கோப்பு இருக்கும் இடத்தின் குறிப்புதான் போகும். கோப்பு அங்கேயே கிடக்கும். அதனால் நீங்கள் விற்கும்போதும் உஷார்!

ராம், கேபினட், மானிட்டர் என்றால் தாராளமாக வாங்குங்கள். டிஸ்க் என்றால் பில் கேளுங்கள். திருட்டுப் பொருளென்றால் வம்பு உங்களுக்குத்தான். முக்கியமான கணக்குகள் இல்லாத கம்ப்யூட்டரில் முதலில் மாட்டி, முழுவதும் அழித்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய மதர்போர்டு வாங்கினால், அதிலுள்ள தொடக்க மென்பொருளான பயாஸைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்துப் புதுப்பியுங்கள். பழைய பென்டிரைவ் மட்டும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மிச்சமாகும் ஆயிரம் ரூபாயைவிட மகனின் கணக்குகள் பெரியவை.