தாவு தீர்தல்: செம்பாக்கம் வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

களைப்பைச் சொல்ல ஆங்கிலத்தார் எந்த வினைக்குப் பின்னாலும் ஓர் 'அவுட்'டை மாட்டிவிடுவர்: டயர் அவுட், வேர் அவுட், பர்ன் அவுட். சென்னைப் புறநகர்ச் செம்பாக்கத்தார் இந்தச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டனர். 'டயர்டு' வீட்டோடு தங்கியது. 'அவுட்' தனிக்குடித்தனம் போய் 'ஆளே அவுட்' ஆனது. இரண்டையும் சேர்த்தே புழங்குபவர் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்ப்பவராக இருப்பார். அவருக்கும் பயனில்லை: பர்ன் அவுட் நோயல்ல, வேலை சார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. மெடிக்கல் லீவு கிடைக்காது.

மற்றவர்களுக்கு 'அவுட்'டின் வேலையைத் துணைவினையான 'போ' பார்க்கிறது: அசந்துபோனேன், ஓய்ந்துபோனேன், நொந்துபோனேன். இதற்குப் புவியியல் காரணம் உண்டு. செம்பாக்கத்துக்கு ரயில் நிலையம் இல்லை. 1931இலேயே மின்சார ரயில் கண்ட தாம்பரத்துக்கு, ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர் தாண்டி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். அதுவும் டிரைவர் பக்கத்தில் அரை ஆள் இடத்தில் தொற்றிக்கொண்டு, பையை மடியில் அணைத்துக்கொண்டு. முதல்வினை 'போ' முடியும் இடத்தில் துணைவினை 'போ' தொடங்குகிறது.

பெயர்ச்சொற்களும் வண்டியிலிருந்தே வருகின்றன. 'டங்குவார் அந்துபோச்சு' என்பதில் அறுவது குதிரையின் சேணத்தை இறுக்கும் வார் என்பார்கள். 'பெண்டு நிமிந்துபோச்சு' சைக்கிள் கடையில் ரிம்முக்கு நடப்பது.

சிக்கல் 'தாவு தீந்துபோச்சு' என்பதில்தான். இடுப்பு ஒடிந்தால், நாக்குத் தள்ளினால் இடம் தெரியும். தாவு உடம்பில் எங்கே இருக்கிறது என்று எந்த டாக்டரும் காட்டமாட்டார். தொல்காப்பிய உரியியலோ 'தா' என்ற சொல்லுக்கு வலிமை, வருத்தம் என இரண்டு பொருளும் தருகிறது. நம் தாவு அந்தத் தாவின் பேரன் என்று கொண்டால் (கொள்ளாவிட்டால் இக்கட்டுரை இங்கேயே நின்றுவிடும்), தாவு தீர்ந்தவருக்குத் தீர்ந்தது தெம்பா, துன்பமா? முன்னதென்றால் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்னதென்றால் வாழ்த்த வேண்டும்.

ஐயம் தீர்க்க, இரவு எட்டரைக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, மீதிச் சில்லறைக்குக் கை நீட்டியபடி இத்தொடரை மொழிந்த ஒருவரிடமே கேட்கப்பட்டது. "சும்மா நொய்யி நொய்யின்னாத, நகரு" என்றார். 'நகரு' ஏவல் வினைமுற்று. துணைவினை ஏதும் சேராததால் நம் ஆய்வு எல்லைக்குள் வராது.